ஒப்படைத்த வாக்குக்குக் கணக்குக் கேளுங்கள்

பிளாக்செயின் என்பது பல கணினிகளில் பகிர்ந்து வைக்கப்படும் பொதுக் கணக்கேடு; டோக்கன் என்பது அதில் பதிவாகும் மின்னணு அலகு. டோக்கன் வைத்திருப்பவர்களே கூடி முடிவெடுக்கும் பிளாக்செயின் அமைப்புகளுக்கு 'டாவ்' என்று பெயர். எல்லோராலும் எல்லா முன்மொழிவையும் படிக்க முடியாது என்பதால், பலர் தங்கள் வாக்கை ஒரு பிரதிநிதியிடம் ஒப்படைக்கிறார்கள். அந்தப் பிரதிநிதி ஏன் ஆதரித்தார், ஏன் எதிர்த்தார் என்பதை எப்படி எழுத வேண்டும், எப்படிப் படிக்க வேண்டும் என்று கேட்டு வந்த கடிதங்களுக்கு இந்த இதழில் பதில்.

டோக்கன்களை மாற்றிக்கொள்ளும் தளமான யூனிஸ்வாப்பின் யூனி டோக்கன் கொஞ்சம் வைத்திருக்கிறேன். வாக்கை ஒருவரிடம் ஒப்படைத்தால் டோக்கனும் அவரிடம் போய்விடுமா? பாதியை ஒருவரிடமும் மீதியை இன்னொருவரிடமும் கொடுக்கலாமா?
— வாசகர், திருச்சி

டோக்கன் உங்கள் வாலட்டை (மின்பணப்பையை) விட்டு நகராது. விற்கலாம், அனுப்பலாம், மறுநாளே வேறொருவரிடம் வாக்கை மாற்றலாம். போவது வாக்கு எடை, அதாவது டோக்கன் எண்ணிக்கைக்கு ஏற்ற வாக்குப் பலம், மட்டும். யூனி, கடன் தளமான காம்பவுண்டின் காம்ப், எத்தீரியம் என்ற பிளாக்செயினின் மேல் இயங்கும் ஆர்பிட்ரமின் ஆர்ப், வாலட் முகவரிகளுக்குப் பெயர் வைக்கும் ஈஎன்எஸ் ஆகிய நான்கிலும் இதே முறைதான். ஒரு வாலட்டின் மொத்த எடையும் ஒரே முகவரிக்குப் போகும். பாதிப் பாதியாகக் கொடுக்க வேண்டுமானால், முதலில் டோக்கனை இரண்டு வாலட்டாகப் பிரித்துக்கொள்ள வேண்டும்.

பலர் தவறவிடும் ஒரு விஷயம் இது: வாக்கை நீங்களே போட நினைத்தாலும், உங்கள் முகவரிக்கே ஒருமுறை ஒப்படைப்புச் செய்தாக வேண்டும். செய்யாத டோக்கனுக்கு எடை பூஜ்யம். எடை சங்கிலியாகக் கைமாறுவதும் இல்லை. நீங்கள் ஒருவரிடம் ஒப்படைத்திருக்க, அவர் தன் டோக்கனை மூன்றாமவரிடம் ஒப்படைத்தால், அவருடைய சொந்த எடை மட்டுமே மூன்றாமவருக்குப் போகும். உங்களுடையது அவரிடமே நிற்கும்.

கையெழுத்துக் கேட்டு வாலட் திறக்கும்போது அவசரப்படாதீர்கள். ஒப்படைப்புக்கான அழைப்பின் (கட்டளையின்) பெயர் 'டெலிகேட்'. அதில் இருப்பது பிரதிநிதியின் முகவரி மட்டும். கேஸ் (பிளாக்செயினில் எதைப் பதியவும் ஆகும் கட்டணத்தின் அலகு) செலவில்லாமல் கையெழுத்தால் ஒப்படைக்கும் வகையில், முகவரியோடு ஒரு வரிசை எண்ணும் காலாவதி நேரமும் இருக்கும். 'அப்ரூவ்' என்றோ 'பெர்மிட்' என்றோ வந்து, செலவழிப்பவர் யார், எவ்வளவு தொகை என்று காட்டினால் அது உங்கள் டோக்கனை எடுத்துச் செல்ல அனுமதி கேட்பது. உடனே மூடிவிடுங்கள்.

என் பிரதிநிதி நான் விரும்பாத பக்கம் வாக்களிக்கப் போகிறார் என்று தெரிந்தால், நடுவில் வாக்கைப் பிடுங்கிக்கொள்ள முடியுமா?
— வாசகர், கோயம்புத்தூர்

வாக்குப்பதிவு தொடங்கிவிட்டால் முடியாது. எந்த பிளாக்கில் (கணக்கேட்டின் ஒரு பக்கம் போன்றது) வாக்குப்பதிவு தொடங்குகிறதோ, அந்த பிளாக்கில் யாரிடம் எவ்வளவு எடை இருந்தது என்பதுதான் கணக்கு. அதற்குப் பிறகு செய்யும் மாற்றம் அடுத்த முன்மொழிவுக்குத்தான் செல்லும்.

ஆனால் ஒரு இடைவெளி இருக்கிறது. யூனிஸ்வாப்பில் முன்மொழிவு சங்கிலியில் (பிளாக்செயினில்) ஏறிய பிறகு 13,140 பிளாக் காத்திருந்துதான் வாக்குப்பதிவு தொடங்கும் என்று வைத்தார்கள். எத்தீரியத்தில் பிளாக்குக்கு 12 விநாடி என்றால், ஏறத்தாழ 44 மணி நேரம். அடுத்து வாக்குப்பதிவு 40,320 பிளாக், அதாவது ஐந்தரை நாளுக்குச் சற்று அதிகம். ஆர்பிட்ரமின் அரசியலமைப்பில் அந்தக் காத்திருப்பு 3 நாள், வாக்குப்பதிவு 14 நாள். கடைசி இரண்டு நாளில்தான் கோரம் (முடிவு செல்லுபடியாகத் தேவையான குறைந்தபட்ச வாக்கு எடை) எட்டப்படுகிறது என்றால் 16 நாள் வரை நீளும்.

பிரதிநிதி தன் சாய்வை அந்தக் காத்திருப்பு நேரத்துக்குள் சொல்லிவிட்டால், ஒத்துவராதவர்கள் எடையை எடுத்துக்கொள்ளலாம். வாக்குப்பதிவு தொடங்கிய பின் வரும் விளக்கம், எவ்வளவு அழகாக எழுதப்பட்டிருந்தாலும், ஒப்படைத்தவருக்கு அந்த முறை பயன்படாது. முன்மொழிவு சங்கிலியில் ஏறிய முதல் நாளிலேயே "இப்போதைய எண்ணம் எதிர்ப்பு, இந்த இரண்டு சந்தேகம் தீர்ந்தால் மாறும்" என்று இரண்டு வரி போடுகிற பிரதிநிதியைத்தான் நாங்கள் நல்ல பிரதிநிதி என்போம். முழு விளக்கம் பின்னால் வரட்டும்.

'வாக்களிக்கவில்லை' என்பதற்கும் 'நடுநிலை' என்று போடுவதற்கும் நடைமுறையில் என்ன வித்தியாசம்? இரண்டுமே ஒதுங்கி நிற்பதுதானே?
— வாசகர், மதுரை

இல்லை. எந்தக் கான்ட்ராக்ட் (சங்கிலியில் தானாக இயங்கும் நிரல்) எண்ணுகிறது என்பதைப் பொறுத்து இரண்டுக்கும் விளைவு தலைகீழாக மாறும். பிரதிநிதிகளே இங்கேதான் அதிகம் தடுக்கி விழுகிறார்கள்.

காம்பவுண்ட் எழுதி, யூனிஸ்வாப்பும் எடுத்துக்கொண்ட கவர்னர் பிராவோ என்ற கான்ட்ராக்டில் கோரம் பார்க்கும்போது ஆதரவு வாக்கு மட்டுமே எண்ணப்படும். அங்கே நடுநிலை போட்டால் உங்கள் பெயர் பதிவாகும், அவ்வளவுதான். முடிவில் ஒரு பங்கும் இல்லை. ஆயத்தக் கான்ட்ராக்டுகளை வழங்கும் ஓப்பன்செப்பலின் நிறுவனம் தரும் கவர்னரில், அதன் வழக்கமான எண்ணும் முறைப்படி, ஆதரவும் நடுநிலையும் சேர்ந்து கோரத்தில் எண்ணப்படும். ஆர்பிட்ரம் இந்த வகை. அங்கே நடுநிலை போடுவது கோரத்தை எட்ட உதவுகிறது. ஆதரவு எதிர்ப்பைவிட அதிகமாக இருந்து, கோரம் மட்டும் குறைகிற நிலையில், உங்கள் நடுநிலை வாக்குதான் அந்த முன்மொழிவை வெற்றிபெறச் செய்யும்.

எதிர்ப்பு வாக்கு இரண்டு வகையிலும் கோரத்தில் சேராது. யூனிஸ்வாப்பின் முதல் முன்மொழிவு இதற்கு நல்ல பாடம். 2020 அக்டோபரில் தர்மா நிறுவனம் கொண்டுவந்தது. முன்மொழிவு வைக்கத் தேவையான 1 கோடி யூனியை 30 லட்சமாகவும், கோரத்தை 4 கோடியிலிருந்து 3 கோடியாகவும் குறைக்கக் கேட்டது. ஆதரவாக விழுந்தது ஏறத்தாழ 3.96 கோடி. எதிர்ப்பு 7 லட்சத்துக்கும் குறைவு. 98 சதவீதம் ஆதரவு இருந்தும் கோரத்துக்கு 4 லட்சம் குறைந்ததால் தோற்றது. தோற்கடித்தது வாக்குப் போடாதவர்கள்தான். அவர்களில் எத்தனை பேர் வேண்டுமென்றே ஒதுங்கினார்கள், எத்தனை பேர் மறந்துபோனார்கள் என்று பதிவே கிடையாது.

ஆகவே நடுநிலைக்கும் வராமைக்கும் விளக்கம் கட்டாயம் வேண்டும். "நடுநிலை: தணிக்கை அறிக்கையைப் புரிந்துகொள்ளும் தொழில்நுட்ப அறிவு எனக்கில்லை, கோரம் எட்டுவதில் எனக்கு ஆட்சேபம் இல்லை" என்பது நேர்மையான விளக்கம். "நடுநிலை: இரு தரப்பிலும் நியாயம் உண்டு" என்பது ஒன்றும் சொல்லவில்லை.

எங்கள் கல்லூரி நண்பர்கள் சேர்ந்து ஒரு டாவில் பிரதிநிதியாகப் போகிறோம். ஒரு வாக்கு விளக்கத்தில் என்னென்ன இருக்க வேண்டும்? மாதிரி ஒன்று கொடுங்களேன்.
— வாசகர், சேலம்

மாதிரிக்கு முன் ஒரு வார்த்தை. முன்மொழிவின் சுருக்கத்தைத் திரும்ப எழுதி, கடைசியில் "ஆகவே ஆதரிக்கிறோம்" என்று முடிப்பதுதான் இன்று பெரும்பாலும் நடக்கிறது. எதைப் பார்த்தீர்கள், எதைப் பார்க்கவில்லை, எது உங்கள் மனத்தை மாற்றியிருக்கும், இதில் உங்களுக்கு ஆதாயம் உண்டா என்பவைதான் ஒப்படைத்தவருக்குத் தேவை. சுருக்கத்தை அவர் முன்மொழிவிலேயே படித்துக்கொள்வார்.

கற்பனையாக ஒரு முன்மொழிவை எடுத்துக்கொள்வோம். ஒரு கடன் தளத்தில் பணம் போடுபவர்களுக்கு ஊக்கத்தொகையாக, கருவூலத்திலிருந்து மூன்று மாதத்துக்கு 20 லட்சம் டோக்கன் கேட்கிறார்கள். விளக்கம் இப்படி இருக்கலாம்:

"எங்கள் உறுப்பினர் ஒருவர் இந்தக் கடன் தளத்தில் பணம் போட்டிருக்கிறார்; இந்த வாக்கை முடிவு செய்த கூட்டத்தில் அவர் கலந்துகொள்ளவில்லை. வாக்கு: எதிர்ப்பு. திட்டத்தின் நோக்கத்தை ஏற்கிறோம். பணம் போகும் முறையை ஏற்கவில்லை. 20 லட்சமும் முதல் நாளிலேயே ஒரே முகவரிக்குப் போகிறது. அது ஐந்தில் மூன்று பேர் கையெழுத்திட வேண்டிய கூட்டு வாலட். ஐவரில் நால்வர் விண்ணப்பித்த குழுவினரே. மாதத் தவணையாகப் பிரித்து, நிறுத்தும் அதிகாரத்தை டாவிடம் வைத்தால் ஆதரிப்போம். முதல் தவணைக்கு 6 லட்சம் போதும் என்பது எங்கள் கணிப்பு. விண்ணப்பத்தில் அவர்களே கொடுத்த செலவுக் கணக்கிலிருந்து எடுத்தோம். இயங்கும் குறியீட்டை (நிரலை) பிரித்துப் பார்த்தோம். தொகையும் முகவரியும் விவரத்தோடு பொருந்துகின்றன. கடன் தளத்தின் கான்ட்ராக்டை நாங்கள் தணிக்கை செய்யவில்லை. இந்த வாக்கை முடிவு செய்த கூட்டத்தில் அவர் கலந்துகொள்ளவில்லை. எங்களுக்குள் 4 பேர் எதிர்ப்பு, 2 பேர் ஆதரவு."

கடைசி வரியைக் கவனியுங்கள். குழுவாகப் பிரதிநிதித்துவம் செய்பவர்கள் உள்ளே நடந்த பிளவை மறைத்து ஒரே குரலில் பேசுவது வழக்கம். ஆதரித்த இருவரின் காரணத்தையும் ஒரு வரியில் போட்டால் இன்னும் நல்லது. அடுத்த முறை திருத்திய முன்மொழிவு வரும்போது நீங்கள் ஏன் மாறினீர்கள் என்பதை அது விளக்கும்.

நீளம்? சாதாரணச் செலவு முன்மொழிவுக்கு 150 சொல் போதும். கான்ட்ராக்டை மாற்றும் முன்மொழிவுக்கு அதைப்போல மூன்று மடங்கு ஆனாலும் தவறில்லை.

விவரத்தில் எழுதியிருப்பது ஒன்று, சங்கிலியில் இயங்குவது வேறொன்று என்று நடக்குமா? குறியீடு தெரியாத பிரதிநிதி என்ன செய்வார்?
— வாசகர், சென்னை

நடந்திருக்கிறது. 2023 மே 20 அன்று, பரிவர்த்தனைத் தடத்தை மறைக்கும் சேவையான டொர்னாடோ கேஷின் டாவில் நடந்தது அதுதான். முன்பு நிறைவேறிய ஒரு முன்மொழிவின் தர்க்கமே இதிலும் இருக்கிறது என்று விவரம் சொன்னது. கான்ட்ராக்டில் தன்னைத்தானே அழித்துக்கொள்ளும் ஒரு செயல்பாடு கூடுதலாக இருந்தது. நிறைவேறிய பின் பழைய கான்ட்ராக்டை அழித்து, அதே முகவரியில் வேறு குறியீட்டை ஏற்றினார் தாக்கியவர். அந்தப் புதிய குறியீடு அவருக்கு 12 லட்சம் போலி வாக்குகளைக் கொடுத்தது. உண்மையான வாக்குகள் ஏறத்தாழ 7 லட்சம்தான். ஆளுகை மொத்தமும் அவர் கைக்குப் போனது. 2024 மார்ச்சில் எத்தீரியம் இந்த அழிப்புக் கட்டளையைக் கட்டுப்படுத்திவிட்டதால், உருவாக்கிய அதே பரிவர்த்தனையில் அல்லாமல் பிறகு அழித்துக் குறியீடு மாற்றும் அந்த வழி இப்போது எத்தீரியத்தில் அடைபட்டிருக்கிறது. "போன தடவை மாதிரியேதான்" என்ற சொல்லை நம்பி வாக்களிக்கும் பழக்கம் மட்டும் அப்படியே இருக்கிறது.

கெட்ட எண்ணமே இல்லாமலும் கெடும். காம்பவுண்டின் 62ஆம் முன்மொழிவு காம்ப் வெகுமதி பங்கிடும் முறையைத் திருத்த வந்தது. 2021 செப்டம்பர் இறுதியில் நடைமுறைக்கு வந்ததும், சில பயனர்களுக்கு உரிமையில்லாத காம்ப் கொட்டியது. 'அதைவிடப் பெரியது அல்லது சமம்' என்று இருக்க வேண்டிய ஓர் ஒப்பீட்டில் 'பெரியது' மட்டும் இருந்தது. தொடக்கத்தில் ஆபத்தில் இருந்தது ஏறத்தாழ 2,80,000 காம்ப். தெரிந்த உடனே நிறுத்தவும் முடியவில்லை. எந்த மாற்றமும் காத்திருப்பு, வாக்குப்பதிவு, டைம்லாக் (வென்றதை நடைமுறைப்படுத்தும் முன் கட்டாய இடைவெளி) என்று ஏழு நாள் நடையைக் கடந்தே ஆக வேண்டும் என்று அவர்களே கட்டியிருந்தார்கள்.

குறியீடு எழுதத் தெரியாதவரும் செய்யக்கூடிய சோதனைகள் உண்டு. சங்கிலியில் ஏறிய முன்மொழிவில் நான்கு விஷயம் இருக்கும்: எந்த முகவரியை அழைக்கிறது, எத்தீரியத்தின் நாணயமான ஈதர் எவ்வளவு அனுப்புகிறது, எந்தச் செயல்பாடு, என்ன மதிப்புகள். வாக்களிப்புத் தளங்கள் இவற்றைப் பிரித்துக் காட்டும். முகவரியை, எத்தீரியப் பதிவுகளைத் தேடிப் பார்க்கும் ஈதர்ஸ்கேன் தளத்தில் போட்டு, குறியீடு சரிபார்க்கப்பட்டுப் பொதுவில் இருக்கிறதா என்று பாருங்கள். சரிபார்க்கப்படாத குறியீடு என்றால், வேறெதையும் பார்க்காமல் எதிர்ப்புப் போட அதுவே போதுமான காரணம். அடுத்து, விவரத்தில் சொல்லாத கூடுதல் அழைப்பு ஏதும் இருக்கிறதா என்று எண்ணிப் பாருங்கள். விவரத்தில் மூன்று செயல், சங்கிலியில் நான்கு என்றால் நான்காவது என்ன என்று கேட்டுப் பதில் வரும்வரை காத்திருங்கள்.

பிறகு பூஜ்யங்கள். யூனி, காம்ப், ஆர்ப் எல்லாம் 18 தசம இடம் கொண்டவை; குறியீட்டில் தசமப் புள்ளி இல்லாமல் அந்த இடங்களையும் சேர்த்து முழு எண்ணாக எழுதுவார்கள். 20 லட்சம் டோக்கன் என்றால் குறியீட்டில் 2க்குப் பின்னால் 24 பூஜ்யம் இருக்க வேண்டும். டாலர் மதிப்பைப் பின்பற்றும் யூஎஸ்டிசிக்கு 6 தசம இடம்தான். 20 லட்சம் யூஎஸ்டிசி என்றால் 12 பூஜ்யம். 18 தசம டோக்கனுக்கு 6 தசமக் கணக்கில் எழுதினால் பெறுபவருக்குத் தூசி போல ஏதோ போகும். தலைகீழாக எழுதினால் கருவூலத்தில் அவ்வளவு இருக்காது, அழைப்பு தோற்கும். ஒரே முன்மொழிவில் பல அழைப்பு இருந்து ஒன்று தோற்றால் எல்லாமே திரும்பிவிடும். ஒரு வாரம் வாக்களித்து வென்றது வீணாகும். டெண்டர்லி போன்ற கருவியில் முன்கூட்டியே ஓட்டிப் பார்த்தால் இது தெரிந்துவிடும்.

இவற்றில் எதைச் செய்தீர்கள் என்பதை விளக்கத்தில் எழுதுங்கள். "குறியீட்டைப் பார்க்கவில்லை; பாதுகாப்பு ஆலோசகரின் அறிக்கையை நம்பி வாக்களிக்கிறேன்" என்பதும் ஏற்கத்தக்கதே. ஒப்படைத்தவருக்கு நம்பிக்கை எங்கே நிற்கிறது என்று தெரிகிறது.

நல்ல விஷயமும் கெட்ட விஷயமும் ஒரே முன்மொழிவில் கலந்து வந்தால் எப்படி வாக்களிப்பது, எப்படி விளக்குவது?
— வாசகர், தஞ்சாவூர்

இந்த 'மூட்டை' முன்மொழிவுகளில்தான் விளக்கத்தின் உண்மையான பயன் தெரியும். வாக்கு ஒன்றுதான்; விளக்கத்தில் ஒவ்வொரு பகுதிக்கும் தனித்தனியாகப் பேசலாம்.

ஆர்பிட்ரமில் நடந்ததைப் பாருங்கள். 2023 மார்ச் 23 அன்று ஆர்ப் டோக்கன் வழங்கப்பட்டது. மொத்தம் 1,000 கோடி. உடனே வந்த ஏஐபி-1 என்ற முதல் முன்மொழிவில் ஆளுகை அமைப்பு, பாதுகாப்புக் குழு, அறக்கட்டளைக்கு 75 கோடி ஆர்ப் ஒதுக்கீடு எல்லாம் ஒன்றாக இருந்தன. 75 கோடி என்பது மொத்தத்தில் 7.5 சதவீதம். வாக்குப்பதிவு நடந்துகொண்டிருக்கும்போதே, அந்த ஒதுக்கீட்டிலிருந்து 5 கோடி ஏற்கெனவே நகர்ந்திருப்பது தெரியவந்தது. 4 கோடி கடனாகவும் 1 கோடி நடைமுறைச் செலவுக்காகப் பணமாக மாற்றவும் போயிருந்தது. ஏற்கெனவே எடுத்த முடிவுகளை உறுதிசெய்யவே இந்த வாக்குப்பதிவு என்று அறக்கட்டளை சொன்னதும் எதிர்ப்பு பெருகியது.

எதிர்த்தவர்களில் பலர் ஆளுகை அமைப்பையோ அறக்கட்டளைக்குப் பணம் கொடுப்பதையோ எதிர்க்கவில்லை. கேட்காமல் நகர்த்தியதையும், தவணையும் கணக்கும் இல்லாததையும் எதிர்த்தார்கள். அதை அவர்கள் பிரித்து எழுதியதால் என்ன திருத்த வேண்டும் என்று தெளிவாகத் தெரிந்தது. முன்மொழிவு உடைக்கப்பட்டு ஏஐபி-1.1, ஏஐபி-1.2 என்று வந்தது. முதலாவதில் நான்கு ஆண்டுகளில் தவணையாக விடுவிப்பதும் செலவு அறிக்கையும் வந்தன. வெறும் 'எதிர்ப்பு' என்று லட்சக்கணக்கான எடை விழுந்திருந்தால், அறக்கட்டளைக்கு எதை மாற்றுவது என்றே தெரிந்திருக்காது.

எழுதும்போது "இந்தப் பகுதிக்கு ஆம், அந்தப் பகுதிக்கு இல்லை, இல்லை என்பது கனமானது என்பதால் மொத்தத்துக்கு எதிர்ப்பு, பிரித்துக் கொண்டுவந்தால் முதல் பகுதியை ஆதரிப்பேன்" என்று மூன்று வாக்கியம் போதும். திருத்தி வரும்போது அந்தச் சொல்லைக் காப்பாற்றுங்கள்.

சங்கிலியிலேயே காரணம் எழுதலாம் என்கிறார்களே, தமிழில் எழுதலாமா?
— வாசகர், புதுச்சேரி

தாராளமாக. 'காஸ்ட் வோட் வித் ரீசன்' என்ற அழைப்பில் மூன்று விவரம் கொடுக்க வேண்டும்: முன்மொழிவு எண், வாக்கு, காரணம். வாக்கில் 0 என்றால் எதிர்ப்பு, 1 ஆதரவு, 2 நடுநிலை. 1, 2 என்று வரிசையாக இருக்கும் என நினைத்து நேரடியாகக் கான்ட்ராக்டில் தட்டச்சு செய்து தவறாகப் போடுவது உண்டு, கவனம்.

செலவைக் கணக்கிட்டுக்கொள்ளுங்கள். ஆங்கில எழுத்து ஒரு பைட். தமிழில் உயிர்மெய்க் குறி, புள்ளி ஒவ்வொன்றும் தனியாக 3 பைட். 'வாக்கு' என்ற ஒரு சொல்லே 18 பைட். எத்தீரியத்தில் தரவாக அனுப்ப பைட்டுக்கு 16 கேஸ், பதிவேட்டில் எழுத 8 கேஸ், மொத்தம் 24. ஐம்பது சொல் தமிழில் எழுதினால் ஏறத்தாழ 1,200 பைட், அதாவது 28,800 கேஸ் கூடுதல். வெறும் ஈதர் அனுப்பும் பரிவர்த்தனையே 21,000 கேஸ்தான். ஆர்பிட்ரம் போன்ற இரண்டாம் அடுக்குகளில் இந்தச் செலவு மிகக் குறைவு. சங்கிலிக்கு வெளியே வாக்கெடுக்கும் ஸ்னாப்ஷாட் தளத்தில் கையெழுத்து மட்டும் என்பதால் கேஸ் இல்லை.

நாங்கள் பரிந்துரைப்பது: சங்கிலியில் முடிவும் முதன்மைக் காரணமும் பத்துப் பதினைந்து சொல்லில், முழு விளக்கம் பொதுவில் வேறிடத்தில். முழு விளக்கத்தின் ஹாஷ் மதிப்பையும் (ஓர் எழுத்து மாறினாலும் மாறிவிடும் கைரேகை போன்ற எண்) சங்கிலியில் சேர்த்துவிட்டால், பின்னாளில் யாரும் விளக்கத்தை ஓசையில்லாமல் மாற்ற முடியாது. தமிழில் எழுதுபவர்கள் ஆங்கிலத்திலும் ஒரு வரி கொடுப்பது நல்லது. முன்மொழிந்தவருக்கு உங்கள் ஆட்சேபம் புரிந்தால்தான் அவர் திருத்துவார்.

தவறான பொத்தானை அழுத்திவிட்டால் மாற்றலாமா?
— வாசகர், ஈரோடு

ஸ்னாப்ஷாட்டில், வாக்குப்பதிவு முடியும் முன் மறுபடி வாக்களித்தால் கடைசியாகப் போட்டதுதான் எண்ணப்படும். கவர்னர் வகைக் கான்ட்ராக்டுகளில் ஒருமுறை போட்டால் போட்டதுதான். அப்படி ஆகிவிட்டால் அன்றே பொதுவில் சொல்லிவிடுங்கள். சங்கிலியில் உள்ள பதிவையும் நீங்கள் நினைத்ததையும் பக்கத்தில் பக்கத்தில் எழுதுங்கள். மற்றப் பிரதிநிதிகள் இன்னும் வாக்களிக்காமல் இருந்தால், அது அவர்கள் கணக்கை மாற்றலாம்.

ஒரு பெரிய முதலீட்டு நிறுவனம் தனக்குப் பங்கு உள்ள நிறுவனத்துக்குச் சாதகமாக வாக்களிக்கிறது. இது தடுக்கப்பட வேண்டாமா?
— வாசகர், திருநெல்வேலி

தடுப்பதைவிட, தெரியும்படி செய்வதே நடைமுறையில் சாத்தியம். டோக்கன் வைத்திருப்பவர்கள் எல்லோருக்குமே ஏதோ ஓர் ஆதாயம் இருக்கும்.

2023 பிப்ரவரியில் யூனிஸ்வாப்பின் மூன்றாம் பதிப்பை பிஎன்பி என்ற இன்னொரு சங்கிலியில் நிறுவும் முன்மொழிவு வந்தது. இரு சங்கிலிகளுக்கு இடையே செய்தி கடத்தும் பாலமாக வார்ம்ஹோல் தேர்ந்தெடுக்கப்பட்டிருந்தது. முதலீட்டு நிறுவனமான ஆண்ட்ரீசன் ஹோரோவிட்ஸ் தன்னிடம் இருந்த 1.5 கோடி யூனியைக் கொண்டு எதிர்த்து வாக்களித்தது. போட்டிப் பாலமான லேயர்ஜீரோவை அது விரும்பியது. லேயர்ஜீரோவில் அந்த நிறுவனம் முதலீட்டாளர் என்பது வெளிப்படையாகத் தெரிந்த செய்தி. ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கு ஆதரவோடு முன்மொழிவு நிறைவேறியது.

இங்கே தொழில்நுட்ப வாதமும் உண்டு, முதலீடும் உண்டு. ஒரு பாலத்தின் பாதுகாப்பைச் சந்தேகிக்க நியாயமான காரணம் இருக்கலாம். அதே காரணத்தை, முதலீடு இல்லாத ஒருவர் சொன்னால் எடை அதிகம். முதலீடு உள்ளவர் அதையும் சொல்லிவிட்டுச் சொன்னால் வாசிப்பவர் தானே எடை போட்டுக்கொள்வார். உறவை முதல் வரியில் எழுத வேண்டும் என்று நாங்கள் வற்புறுத்துவது அதனால்தான். கடைசி வரியில் எழுதப்பட்ட உறவு பாதிப் பேர் கண்ணில் படாது. கடன், ஆலோசகர் ஊதியம், விண்ணப்பித்த குழுவில் நண்பர், அதே குழு உங்களிடம் ஒப்படைத்த வாக்கு எல்லாமே இதில் சேரும். கடைசியாகச் சொன்னதைப் பலர் நினைப்பதே இல்லை. மானியம் கேட்கும் குழுவே உங்கள் எடையில் பாதியைத் தந்திருக்கிறது என்றால், அது தெரிய வேண்டிய செய்தி.

பிரதிநிதிகள் விளக்கம் எழுதக் கூலி கொடுப்பது சரியா?
— வாசகர், வேலூர்

சரி. ஒரு கான்ட்ராக்ட் மாற்றத்தைப் படித்து எழுத ஒரு முழு நாள் ஆகும். ஆர்பிட்ரமின் பிரதிநிதி ஊக்கத் திட்டத்தில் வாக்களித்த விகிதத்தோடு, காரணம் எழுதியதற்கும் மதிப்பெண் வைத்தார்கள். ஆனால் மதிப்பெண் வந்ததும் மதிப்பெண்ணுக்காக எழுதுவதும் வந்துவிடும். பத்து முன்மொழிவுக்கும் ஒரே அச்சில் வார்த்த பத்து விளக்கம் என்றால் சந்தேகப்படுங்கள். ஒருவருடைய ஆறு மாத விளக்கங்களை எடுத்து, எத்தனை முறை எதிர்த்தார், எத்தனை முறை மனம் மாறியதாகச் சொன்னார் என்று எண்ணிப் பாருங்கள். இரண்டுமே பூஜ்யம் என்றால் வாக்கை வேறிடம் மாற்ற யோசிக்கலாம்.

என் பிரதிநிதியிடம் இருப்பது சிறிய எடை. அவர் வராவிட்டால் என்ன ஆகிவிடும்?
— வாசகர், நாகர்கோவில்

காம்பவுண்டின் 289ஆம் முன்மொழிவை எடுத்துக்கொள்ளுங்கள். 'கோல்டன் பாய்ஸ்' என்ற குழு தன் கோல்ட்காம்ப் திட்டத்தில் போட, கருவூலத்திலிருந்து 4,99,000 காம்ப் கேட்டது. அன்றைய விலையில் ஏறத்தாழ 2.4 கோடி டாலர். முந்தைய முயற்சிகள் நிறைவேறவில்லை. இது 2024 ஜூலை 28, ஒரு ஞாயிற்றுக்கிழமை, 6,82,191க்கு 6,33,636 என்று நிறைவேறியது. வித்தியாசம் 48,555 காம்ப். மொத்தம் இருப்பதோ 1 கோடி காம்ப். அதாவது, அரை சதவீதத்துக்கும் குறைவான எடை வராததால் கருவூலத்தின் பெரும் தொகை போகவிருந்தது. அடுத்த சில நாளில் இரு தரப்பும் பேசி உடன்பாடு கண்டு, பணம் போகாமல் நிறுத்தப்பட்டது. அந்த உடன்பாடு எழுதிவைத்த விதிகளில் இருந்த பாதுகாப்பு அல்ல. பேச்சு முறிந்திருந்தால் டைம்லாக் முடிந்ததும் தொகை நகர்ந்திருக்கும்.

உங்கள் பிரதிநிதியிடம் மூன்று கேள்வி கேளுங்கள். வார இறுதியிலும் விடுமுறையிலும் வாக்குப்பதிவு முடியும்போது உங்களுக்கு எச்சரிக்கை வர ஏதாவது ஏற்பாடு உண்டா? தனி நபர் என்றால், உடல்நலமில்லாத நாளில் வாக்களிக்க நம்பிக்கையான மாற்று வழி உண்டா? கடந்த பத்து முன்மொழிவில் எத்தனையைத் தவறவிட்டீர்கள், ஒவ்வொன்றுக்கும் காரணம் எங்கே எழுதியிருக்கிறீர்கள்? பதில் ஒரு வாரத்தில் வரவில்லை என்றால், அடுத்த முன்மொழிவின் காத்திருப்பு நேரம் தொடங்கும் முன் எடையை மாற்றிவிடுங்கள்.